வழிகாட்டி எண் ஏழு

செங்கழி கடலோர இயற்கைக் காப்பிடத்தின் ரோட்டு வாசலில் ஒரு பலகை இருந்தது. அதன் மேல்பாதியில், 'பாதுகாக்கப்பட்ட பகுதி. உள்ளே நுழைவது தண்டனைக்குரிய குற்றம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. கீழ்ப்பாதியில், 'பார்வையாளர்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று பச்சையில் எழுதியிருந்தது. மேல்பாதி பாதுகாப்புப் பிரிவின் வேலை, கீழ்ப்பாதி விளம்பரப் பிரிவின் வேலை. இரண்டு பிரிவுக்கும் சேர்த்துப் பலகை ஒன்றுதான் சாங்ஷன் ஆகியிருந்தது.

1994இல் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் அந்தப் பலகைக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கிய பன்னிரண்டு மாணவிகளில் நானும் ஒருத்தி. பெயர் பொன்செல்வி. விலங்கியல் கடைசி வருஷம். அம்பாசமுத்திரத்துக்காரி, ஆற்றைத் தவிர வேறு தண்ணீரை அதுவரை பார்த்ததில்லை. காப்பிடத்தில் இருபத்தொரு நாள் வழிகாட்டியாகத் தொண்டு செய்து, நூறு பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு போனால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பி.எட். சேர்க்கையில் மூன்று மதிப்பெண் கூடும். என் அப்பா கருத்தையா அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிறவர். நான் டீச்சராக வேண்டும் என்பது அவருடைய ஆசை, என்னுடையதும்தான். அந்த மூன்று மதிப்பெண்ணுக்காகத்தான் நான் வந்தேன். இயற்கைக்காக வந்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

முதல் நாள் வனச்சரகர் கோபாலசுப்பிரமணியன் எங்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துப் பேசினார். மெலிந்த, மரியாதையான மனிதர். வெயிலிலும் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார்.

"காப்பிடத்தின் முதல் எதிரி மனிதன்" என்றார். "இரண்டாவது எதிரி பார்வையாளன். அவனையும் மனிதன் என்றே கொள்ளலாம். அதே சமயம், பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஆண்டு காப்பிடமே இருக்காது என்று சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே பார்வையாளர்கள் ஏராளமாக வர வேண்டும். யாரும் உள்ளே வரக் கூடாது. இந்த இரண்டையும் சரிக்கட்டிக்கொண்டு போவதுதான் வழிகாட்டியின் கடமை. சந்தேகம் இருந்தால் படிவம் நான்கில் எழுதிக் கொடுங்கள். பதினைந்து நாளில் பதில் வரும்."

எங்களில் பதினொரு பேரைப் பலகைக்கு வர்ணம் பூசவும், வேலிக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், நிறைவு விழாவுக்கு வளைவு கட்டவும் அனுப்பிவிட்டார்கள். அந்த வேலைகளை ஒவ்வொன்றும் பத்துப் பார்வையாளருக்குச் சமம் என்று கணக்கு வைத்தார்கள். எனக்குக் குரல் பெரிது என்று என்னை மட்டும் நிஜ வழிகாட்டியாகப் போட்டார்கள். ஒரு அட்டை தந்தார்கள். 'வழிகாட்டி எண் 7' என்று இருந்தது. புகைப்படத்துக்கான கட்டத்தில் 'பின்னர் ஒட்டப்படும்' என்று அச்சிட்டிருந்தது.

கூடவே எட்டுப் பக்க உரை ஒன்றும் தந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட உரை. ஐந்து பேர் கொண்ட குழு தயாரித்தது. ரோட்டு வாசலிலிருந்து கடல் வாசல் வரை உப்பங்கழியின் நடுவே போகும் ஒரு மைல் கரைப்பாதையில் ஏழு நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, ஒரு சொல் கூடாமல் குறையாமல் ஒப்பிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து நாற்பத்தைந்து நிமிஷம்.

மூன்று நாள் நான் உரையோடு ரோட்டு வாசலில் நின்றேன். ஈ காக்கை வரவில்லை. காக்கை வந்தது, அதை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது என்றார்கள். பஸ்ஸில் போனவர்கள் பலகையின் மேல்பாதியைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நூறு பேருக்கு நான் எங்கே போவேன்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுத்துவிட்டார், வரம் வாங்கத்தான் ஆளில்லை.

நாலாம் நாள் காலையில், ஒருவேளை கடல் பக்கமிருந்தாவது யாரேனும் வரலாம் என்று கரைப்பாதை வழியாகக் கடல் வாசலுக்குப் போனேன். அங்கே மரியான்குடிப் பெண்கள் பதினெட்டுப் பேர் தலையில் மீன் கடவத்தோடு நின்று காவலர் சங்கிலிபூதத்தானிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பனையோலைக் கடவங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மரியான்குடி கழிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. விடியலில் கரைக்கு வரும் மீனை எடுத்துக்கொண்டு, இந்தக் கரைப்பாதை வழியாக ரோட்டுக்குப் போய், ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்தால் உடன்குடிச் சந்தைக்குப் போய்விடலாம். அப்படித்தான் அவர்கள் காலம் காலமாகப் போய்வந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் பாதைக்குக் கேட் போட்டுவிட்டார்கள். இப்போது தேரிக்காட்டைச் சுற்றி நாலு மைல் செம்மணலில் நடக்கிறார்கள். போய்ச் சேரும்போது பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸுக்குள் மீன் நைந்துவிடும். நைந்த மீனை யார் வாங்குவார்கள்?

முன்னால் நின்ற பெண்ணின் பெயர் மிக்கேலம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடவத்தைக் கையால் பிடிக்காமலே தலையை ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

"நான் பொறந்ததுலேருந்து இந்தக் கழியத்தான் பாக்கேன். பார்வையாளருக்கு மட்டும் அனுமதின்னு எழுதியிருக்கு. நான் பார்வையாளர் இல்லியா?"

"நீங்க கடந்து போறவிய, யக்கா. பாக்கிறவிய வேற, போறவிய வேற. வழிகாட்டி இல்லாம யாரையும் விடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு" என்றார் சங்கிலிபூதத்தான். அவருக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. 

நான் என் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தேன். கோடு போட்ட வெறும் பக்கங்கள். பிறகு கடவங்களைப் பார்த்தேன். எனக்குப் பெரிய மூளை ஒன்றும் கிடையாது. ஆனால் பசித்தவளுக்கு இலை தெரியும்.

"அண்ணாச்சி, நான் வழிகாட்டிதான். இவங்கள நான் பார்வையாளரா கூட்டிட்டுப் போனா?" என்றேன்.

சங்கிலிபூதத்தான் குலசேகரன்பட்டினத்துக்காரர். வருஷா வருஷம் தசராவுக்கு நாற்பத்தொரு நாள் விரதமிருந்து காளி வேஷம் கட்டுகிறவர். அவர் என் அட்டையையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்து யோசித்தார்.

"நான் காளி வேஷம் கட்டிட்டு நிக்கையில, 'ஏலே, நீ கேட்டு பாக்கிற சங்கிலிதானேலே'ன்னு எவனும் கேக்க மாட்டான். அந்த வேஷம் இருக்க வரைக்கும் நான் காளிதான். கால்ல விழுந்து துன்னூறு வாங்கிட்டுப் போவான். இதுவும் அப்படித்தான். பார்வையாளர்னு பதிஞ்சிட்டா பார்வையாளர்தான்" என்று சொல்லி கேட்டைத் திறந்தார். உடனே பாதி மூடினார். "உணவுப் பொருள் கொண்டு போகக்கூடாதுன்னு ஒரு விதி கெடக்கே?"

"பச்ச மீன எவம்வே திம்பான்? கொழம்பு வச்ச பொறவுதானே அது உணவு" என்றாள் மிக்கேலம்மாள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். 

பதினேழு பேர் பதிவேட்டில் கைநாட்டு வைத்தார்கள். மிக்கேலம்மாள் மட்டும் கையெழுத்துப் போட்டாள். சர்ச் மண்டபத்தில் நடக்கும் அறிவொளி வகுப்பில் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். 'மிக்கேலம்மாள்' என்று எழுதி முடிப்பதற்குள் எனக்கு ஏழு பத்து பஸ் போய்விடும் போலிருந்தது. கருத்து என்ற கட்டத்தில், 'பஸ்ஸு சரியா வரணும்' என்றும் எழுதினாள்.

அன்று முதல் நிறுத்தத்தில் நான் உரையைத் தொடங்கினேன். தலையில் பாரத்தோடு பதினெட்டுப் பெண்கள் என்னையே பார்த்தார்கள். பதற்றத்தில் அச்சில் இருந்ததையெல்லாம் வாசித்துவிட்டேன்.

"மாண்புமிகு பார்வையாளர்களே, இங்கு புன்னகைக்கவும், செங்கழி தங்களை வருக வருக என வரவேற்கிறது."

'இங்கு புன்னகைக்கவும்' என்பது வழிகாட்டிக்கான குறிப்பு. அடைப்புக்குறிக்குள் இருந்தது. எனக்கு அது உறைப்பதற்குள் பதினெட்டுப் பேரும் கடமையாகப் புன்னகைத்துவிட்டார்கள். பிறகு அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மறுநாளிலிருந்து அந்த இடம் வரும்போது நான் சொல்லும் முன்னே புன்னகைத்தார்கள்.

நடுவில் இருக்கும் நான்காம் நிறுத்தத்தில்தான் சிக்கல் வந்தது. "உங்கள் இடப்புறம் காண்பவை பூநாரைகள். அவை தலையைக் கவிழ்த்து உண்பது அவற்றின் இயல்பு, நிர்வாகக் குறைபாடு அன்று" என்றேன்.

"இடப்பக்கம் ஒண்ணுமில்லியே மக்ளே. அந்தா வலப்பக்கம்லா நிக்கி" என்றாள் மிக்கேலம்மாள்.

உண்மைதான். நூற்றுக்கணக்கான பூநாரைகள் இளஞ்சிவப்பாக வலப்பக்கம் நின்று, உரையைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. குழுவினர் ரோட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்களை நினைத்து எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கடலிலிருந்து ரோட்டுக்குப் போகிறோம். இப்படி ஒரு திசையில் மனிதர்கள் நடப்பார்கள் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் சரகரிடம் போய்ச் சொன்னேன்.

"உரையை ஐந்து பேர் கொண்ட குழு தயாரித்தது. பறவையை எந்தக் குழுவும் தயாரிக்கவில்லை. எதை நம்புவது?" என்று கேட்டார்.

"பறவைய நம்பலாம் சார். கண்ணுக்கு முன்னால நிக்கி."

"குழு கூடினால்தான் திருத்த முடியும். அதில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், ஒருவர் காலமாகிவிட்டார்." கொஞ்ச நேரம் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முகம் தெளிந்தது. "பார்வையாளர்கள் பின்னோக்கி நடக்கட்டும். அப்போது இடப்புறம் இடப்புறமாகிவிடும்."

"தலையில கடவம் இருக்கு சார்."

"உரையில் கடவம் என்று எங்காவது வருகிறதா?"

"இல்ல சார்."

"அப்படியானால் கடவம் இல்லை. போய் வா, அம்மா."

நான் அதை அப்படியே போய்ச் சொன்னேன். மரியான்குடிப் பெண்கள் சிரித்த சிரிப்பில் நாலு பூநாரை எழுந்து பறந்தது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நடக்கும்போது முன்னோக்கியே நடப்பது, நிறுத்தம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அரைவட்டம் திரும்பிக் கடலைப் பார்த்து நிற்பது, உரை முடிந்ததும் மறுபடி திரும்பி ஓடுவது. இரண்டே நாளில் பட்டாளத்துப் பயிற்சி போல் வந்துவிட்டது. ஒரு கடவம்கூடச் சாயவில்லை. நாற்பத்தைந்து நிமிஷ உரையை நான் இருபத்தெட்டு நிமிஷத்தில் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஏழாவது நிறுத்தம் முடிந்ததும் பஸ்ஸின் ஹாரன் கேட்கும்.

ஆறாவது நடைக்கே நூறு பேர் தாண்டிவிட்டது. என் சான்றிதழ் உறுதி. அதன் பிறகு நான் அலுவலகத் திண்ணையில் படுத்துத் தூங்கியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் விடியலில் கேட்டுக்கு அந்தப் பக்கம் பதினெட்டுப் பேர் நின்றிருப்பார்கள் என்று தெரிந்த பிறகு எப்படித் தூங்குவது? தினமும் போனேன். போகப் போக, நான் ஒரு வரியை விட்டால் மிக்கேலம்மாள் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு எட்டுப் பக்கமும் மனப்பாடம் ஆகிவிட்டது. சில நாள் அவள் சொல்ல, நான் பின்னால் நடந்தேன். சாளை மீன் வாடையோடு கேட்டால் அந்த உரை அவ்வளவு மோசமில்லை.

சரகர் வாராந்தர அறிக்கையில், பார்வையாளர் வருகை பூஜ்யத்திலிருந்து தினம் பதினெட்டாக உயர்ந்துள்ளது என்றும், அனைவரும் அதிகாலையையே விரும்புகிறார்கள் என்றும், போக்குவரத்து மேம்பாட்டில் ஆழ்ந்த அக்கறை கொண்டவர்கள் என்றும் எழுதினார். அதைப் படித்து மகிழ்ந்து, சென்னையிலிருந்து இயக்குநரே நிறைவு நாளன்று புறப்பட்டு வந்துவிட்டார்.

இருபத்தொன்றாம் நாள் காலை அவர் எங்களோடு கரைப்பாதையில் நடந்தார். கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் தொலைநோக்கியும் போட்டிருந்தார். நான்காம் நிறுத்தத்தில் பதினெட்டுப் பேரும் ஒரே மூச்சில் திரும்பியதைப் பார்த்து அசந்துபோனார். "என்ன ஒழுங்கு" என்று சரகரிடம் சொன்னார். பிறகு மிக்கேலம்மாளிடம் கனிவாகக் கேட்டார்.

"எங்கிருந்து வருகிறீர்கள் அம்மா?"

"மரியான்குடிலேருந்து வாரோம்."

"வெகுதூரமோ?"

"உங்க கேட்டு போட்ட பொறவு தூரந்தான்."

"உங்களுக்கு இங்கே மிகவும் பிடித்த இடம் எது?"

"ஏழாவது நிறுத்தம்."

"ஏன்?"

"அங்கனதான் பஸ்ஸு நிக்கும்."

இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார். "உரையில் ஏதாவது நினைவிருக்கிறதா?" என்றார். மிக்கேலம்மாள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். "மாண்புமிகு பார்வையாளர்களே, இங்கு புன்னகைக்கவும்" என்று அவள் சொன்னதும் பதினேழு பெண்களும் சங்கிலிபூதத்தானும் நானும் புன்னகைத்தோம். ஒரு கணம் கழித்து இயக்குநரும் புன்னகைத்தார். சரகர் மட்டும் தரையைப் பார்த்தார். அந்த உரையைக் கடைசிவரை கேட்ட முதல் இயக்குநர் அவர்தான் என்று நினைக்கிறேன். பெண்கள் ஏழு பத்துக்கு ஓடிவிட, மிக்கேலம்மாள் மட்டும் தன் மீனைக் கூட வந்த தங்கச்சியின் கடவத்தில் சேர்த்துவிட்டு விழாவுக்கு நின்றாள்.

வளைவுக்குக் கீழே விழா நடந்தது. இயக்குநர் பேசினார்.

"முப்பது ஆண்டுப் பணியில் நான் பல காப்பிடங்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரிலிருந்தே பார்த்திருக்கிறேன். இன்றுதான் முதன்முறையாக நடந்தேன். மக்கள் இயற்கையை இவ்வளவு நேசிக்கிறார்கள் என்று எனக்கு யாரும் குறிப்பு வைக்கவில்லை. இந்த வழிகாட்டித் திட்டம் பெரும் வெற்றி. ஆகவே இது இன்றோடு நிறைவடைகிறது. அடுத்த தை மாதம் மீண்டும் சந்திப்போம்."

எல்லோரும் கைதட்டினார்கள். மிக்கேலம்மாள் எழுந்து நின்றாள்.

"ஐயா, நாளைக்கு எங்கள யாரு கூட்டிட்டுப் போவா?"

"அடுத்த முகாமுக்கு மாணவிகள் வருவார்கள் அம்மா."

"அது அடுத்த தைக்கில்லா. அதுவரைக்கும் மீனு கடல்லயே கெடக்கட்டும்னு சொல்லுதியளா?"

இயக்குநர் சரகரைப் பார்த்தார். சரகர் சொன்னார், "வழிகாட்டி இல்லாமல் அனுமதிக்க விதியில் இடமில்லை. படிவம் நான்கில் எழுதிக் கொடுக்கட்டும்." மிக்கேலம்மாள் ரோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

சான்றிதழ் வழங்கத் தொடங்கினார்கள். அட்டையை ஒப்படைத்துவிட்டுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அட்டை இல்லையேல் சான்றிதழ் இல்லை, இது விதி ஒன்பது. பதினொரு பேர் கொடுத்தார்கள், வாங்கினார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது அட்டை என் வலது கைக்குள் இருந்தது. மேஜைக்குப் போகும் பத்தடி தூரத்தில் அப்பாவின் தோளில் இருக்கும் தழும்பு ஞாபகம் வந்தது. அந்த மூன்று மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்க எனக்கு ஆசையே இல்லை. சத்தியமாக இல்லை.

"அட்டை?" என்றார் சரகர்.

"தொலஞ்சு போச்சு சார்."

அவர் என் மூடிய கையைப் பார்த்தார். கயிறு விரலிடுக்கில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு கழிப்பக்கம் பார்த்தார், மிக்கேலம்மாளைப் பார்த்தார். மேல் பொத்தானைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். 

"வழிகாட்டி எண் ஏழின் அட்டை தொலைந்ததாகப் பதிந்துகொள்ளுங்கள்" என்று எழுத்தரிடம் சொன்னார். "சான்றிதழ் நிறுத்தி வைக்கப்படுகிறது. அடுத்தது யார்?"

சாயங்காலம் கடல் வாசலில் வைத்து அட்டையை மிக்கேலம்மாள் கழுத்தில் போட்டேன். அவள் அதைக் கையில் ஏந்திப் பார்த்து, எழுத்துக் கூட்டி 'வழி - காட்டி' என்று படித்தாள். 

"இதக் குடுத்துட்டா ஒனக்கு என்ன மக்ளே உண்டு?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அது பொய்யில்லை.

சங்கிலிபூதத்தான் தலையைச் சொறிந்தார். "வழிகாட்டின்னா மாணவியா இருக்கணும்னு போட்டிருக்கே. நாளைக்கு எவனாவது கேட்டா?"

"நான் அறிவொளில படிக்குதேன்லா. நோட்டு, பலப்பம் எல்லாம் இருக்கு, கொண்டாரட்டா?" என்றாள் அவள்.

அவர் அட்டையை ஒருமுறை கூர்ந்து பார்த்தார். எண் ஏழு. படம் பின்னர் ஒட்டப்படும். "வேஷம் கட்டியாச்சு" என்று சொல்லி, கேட்டின் பூட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் பி.எட். சேர்க்கை எனக்கு இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. வருத்தமாகத்தான் இருந்தது. ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா வழக்கம்போல் ஆலைக்குப் போய் மூட்டை சுமந்தார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு தேர்வு எழுதி, தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். இப்போது படிவங்களை நானே அச்சடிக்க அனுப்புகிறேன். பதினைந்து நாளில் பதில் வரும் என்று நானே சொல்கிறேன்.

வருஷந்தோறும் காப்பிடத்திலிருந்து எனக்கு இரண்டு தபால் வரும். ஒரே நாளில் வரும். ஒன்று பாதுகாப்புப் பிரிவின் குறிப்பாணை, தொலைந்த அட்டை எண் ஏழை ஏன் இன்னும் ஒப்படைக்கவில்லை என்று கேட்டு. இன்னொன்று விளம்பரப் பிரிவின் பாராட்டுக் கடிதம், மாநிலத்திலேயே அதிகப் பார்வையாளர்களை அழைத்துவந்த வழிகாட்டி எண் ஏழுக்கு. பாராட்டை நான் மரியான்குடிக்கு அனுப்பிவிடுவேன்.

போன தை மாதம், ஐந்து வருஷம் கழித்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பலகை அப்படியே இருந்தது. ரோட்டு வாசலில், ஏழு பத்து பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றிவிட்டு, நரைத்த தலையோடு மிக்கேலம்மாள் நின்றிருந்தாள். கழுத்தில் அட்டை. படத்துக்கான கட்டம் இன்னும் காலி. என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தொட்டாள். ஆனால் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் உள்ளே விடவில்லை.

"மாண்புமிகு பார்வையாளர்களே" என்று தொடங்கினாள். "இங்கு புன்னகைக்கவும்."

அப்பா ஒன்றும் புரியாமல் புன்னகைத்தார். எனக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. நான்காம் நிறுத்தத்தில், "உங்கள் இடப்புறம் காண்பவை பூநாரைகள்" என்றதும் பழக்கத்தில் நான் அரைவட்டம் திரும்பி நின்றேன். 

"திரும்பாத மக்ளே" என்று தோளைப் பிடித்து நேராக்கினாள். "நீ இன்னைக்கு ரோட்டுலேருந்துலா வந்திருக்க. சொன்ன பக்கத்துலயே நிக்கி, பாரு."

இடப்பக்கம் பார்த்தேன். உரையில் சொன்னபடியே, சொன்ன இடத்திலேயே, பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அப்பா அவற்றைப் பார்த்துவிட்டு, "நல்லா சொல்லுதாவளே, டீச்சரா?" என்று என்னிடம் கேட்டார். 

"ஆமாப்பா" என்றேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குறிப்பாணைக்குப் பதில் எழுதினேன். வழிகாட்டி எண் ஏழின் அட்டை தீவிரமாகத் தேடப்பட்டு வருகிறது என்றும், கிடைத்தவுடன் தாமதமின்றி ஒப்படைக்கப்படும் என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொண்டேன்.